ஒரே சாவியில் திறந்த சர்வர்கள்: திறந்த மூல நிரலில் கிடந்த ரகசியங்களைப் பதிவு செய்த அனுபவம்

திருப்பூர் பக்கம் பனியன் கம்பெனிகளுக்கு ஸ்டாக், ஜாப் ஒர்க் கணக்கு, ஆள் வருகை எல்லாம் சேர்ந்த ஒரு திறந்த மூல மென்பொருளை நிறுவிப் பராமரிப்பது என் வேலையில் ஒரு பகுதி. இன்னும் சில இடங்களில் பழைய பதிப்பு ஓடுவதால் மென்பொருளின் பெயரைச் சொல்லவில்லை. எக்ஸ்போர்ட் கம்பெனி ஒன்றில் பையர் ஆடிட்டுக்காக மென்பொருள் பாதுகாப்பு பற்றி எழுத்தில் கேட்டார்கள், அதனால் நிரலுக்குள் நேரடியாக எழுதி வைத்த பாஸ்வேர்டு, டோக்கன் (பாஸ்வேர்டுக்குப் பதிலாகக் காட்டும் அனுமதிச் சீட்டு), சாவி எல்லாவற்றையும் தேடி ஒரு பதிவேடு போட உட்கார்ந்தேன்.

திறந்த மூலம் என்றாலே எல்லாம் வெளியே தெரியும்தானே, அப்புறம் என்ன ரகசியம் என்று பலர் கேட்கிறார்கள். 1883லேயே கெர்க்காஃப்ஸ் என்ற குறியாக்க அறிஞர் எழுதிவிட்டார்: அமைப்பு முழுவதும் எதிரிக்குத் தெரிந்திருந்தாலும் சாவி மட்டும் தெரியாமல் இருந்தால் போதும், அப்படித்தான் அமைப்பைக் கட்ட வேண்டும். அந்தச் சாவியையே நிரலோடு சேர்த்து வெளியிட்டுவிட்டால் மிச்சம் எதுவும் இல்லை.

தேடுவது சுலபம். நிரலில் ரகசியங்களைத் தேடும் கருவியான கிட்லீக்ஸை இப்போதைய கோப்புகளின் மேலும், கிட் (நிரலின் ஒவ்வொரு மாற்றத்தையும் சேமித்து வைக்கும் அமைப்பு) வரலாறு முழுவதன் மேலும் தனித்தனியாக ஓட்டினேன். வரலாறு முக்கியம், ஏனென்றால் ஒரு கமிட்டில் (சேமித்த ஒரு மாற்றத்தில்) சேர்த்து அடுத்த கமிட்டில் அழித்த பாஸ்வேர்டு இன்றைய கோப்பில் இருக்காது, ஆனால் ரெப்போவை (நிரல் களஞ்சியத்தை) இறக்கிய யாரும் அதை எடுத்துப் பார்க்கலாம். வந்து விழுந்ததில் பெரும்பகுதி குப்பை: பயன்படுத்திய நூலகங்களைப் பட்டியலிடும் பேக்கேஜ் லாக் கோப்பின் ஹாஷ்கள் (உள்ளடக்கத்திலிருந்து ஒருவழியாகக் கணக்கிட்ட எழுத்துக்கோவைகள்), டெஸ்ட்டுக்காக உருவாக்கிய தனிச் சாவிகள், அமேசான் தன் ஆவணங்களில் உதாரணமாகக் கொடுத்திருக்கிற, கடைசியில் எக்ஸாம்பிள் என்றே முடிகிற அந்தச் சாவி. கருவி எழுத்துகளின் வடிவத்தையும் அவை எவ்வளவு தாறுமாறாக இருக்கின்றன என்பதையும்தான் பார்க்கிறது, அர்த்தம் அதற்குத் தெரியாது. எளிமையான ஒரு பாஸ்வேர்டு அதன் கண்ணில் படவே இல்லை. பாஸ்வேர்டு, சீக்ரெட், டோக்கன் என்ற மாறிகளைக் கையால் தேடியபோதுதான் கிடைத்தது. தேறாதவற்றையும் விடாமல், ஏன் தேறவில்லை என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி எழுதி வைத்தேன், இல்லையென்றால் அடுத்த முறை ஓட்டுகிறவர் அதே குப்பையை மறுபடியும் கிளற வேண்டியிருக்கும்.

கடைசியில் நின்றவை மூன்று. பழைய கமிட்டில் ஒரு மெயில் சர்வர் பாஸ்வேர்டு. மாதிரி கான்ஃபிக் கோப்பில் எஸ்எம்எஸ் கேட்வே டோக்கன். மூன்றாவது, லாகின் டோக்கன் அசல்தான் என்று காட்ட அதில் கையெழுத்துப் போடும் சாவி. இது செட்டிங்ஸ் கோப்பில் நிலையாக எழுதப்பட்டு, நிறுவுகிற எல்லோருக்கும் அப்படியே போய்ச் சேர்ந்துகொண்டிருந்தது.

முதல் இரண்டும் இன்னும் வேலை செய்கின்றனவா என்று நான் முயன்று பார்க்கவில்லை. ட்ரஃபிள்ஹாக் போன்ற கருவி கிடைத்த சாவியை அந்தந்தச் சேவையிடமே காட்டி உயிரோடு இருக்கிறதா என்று சோதிக்கும், அந்த வசதியை அணைத்துவிட்டுத்தான் ஓட்டினேன். அடுத்தவர் கணினிக்குள் அனுமதியில்லாமல் நுழைவது தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000ன் 43ஆம் பிரிவில் வரும், நேர்மையற்ற நோக்கத்தோடு செய்தால் 66ல் குற்றமும் ஆகும். நல்ல எண்ணத்தில் செய்தேன் என்பது 43க்குப் பதில் ஆகாது. உயிரோடு இருப்பதாகவே வைத்துக்கொண்டு மாற்றச் சொல்ல வேண்டும் என்று எழுதினேன்.

மூன்றாவதை என் சொந்த இடத்திலேயே நிரூபிக்க முடிந்தது. என்னுடைய இரண்டு கணினிகளில் தனித்தனியாக நிறுவி, வேறு வேறு அட்மின் பாஸ்வேர்டு கொடுத்து, ஒன்றில் லாகின் செய்து கிடைத்த டோக்கனை மற்றொன்றில் போட்டேன். அட்மினாகவே உள்ளே விட்டது. இரண்டிலும் முதல் பயனர் அட்மின், கையெழுத்துச் சாவி ஒன்றேதான், பிறகு ஏன் விடாது? தெரு முழுக்க ஒரே சாவியில் திறக்கும் பூட்டை மாட்டிய மாதிரி. கூலிக் கணக்கு, ஆதார் நகல், பையர் ரேட் எல்லாம் அதற்குள் இருக்கிறது.

கம்பெனியில் கம்ப்யூட்டர் பார்க்கிற அண்ணன் கேட்டார், "ஏனுங்க தம்பி, நம்ம பாஸ்வேர்டை மாத்துனா போதாதுங்களா?"

"பத்தாதுங்ணா. பாஸ்வேர்டே கேக்காம உள்ள விடுற வழிங்க இது."

இது புது விஷயமும் இல்லை. லாகின் வேலைகளைப் பார்க்கும் அப்பாச்சி ஷிரோ என்ற நிரல் நூலகத்தில் ரிமெம்பர் மீ வசதிக்கான சாவி நிரலிலேயே இருந்தது, அது சிவிஇ-2016-4437 (சிவிஇ என்பது வெளியே தெரிந்த பாதுகாப்புக் குறைகளுக்குத் தரும் பொது எண்). தரவுகளை வரைபடமாகக் காட்டும் அப்பாச்சி சூப்பர்செட்டிலும் இயல்பாக வரும் சீக்ரெட் கீயை மாற்றாமலே பலர் ஓட்டினார்கள், அது சிவிஇ-2023-27524. மாற்றச் சொல்லி ஆவணத்தில் எழுதி வைத்ததோடு அங்கே காரியம் முடியவில்லை, அந்த இயல்புச் சாவியே இருந்தால் தொடங்கவே மறுக்கும்படி 2.1 பதிப்பில் செய்தார்கள். நானும் அதையே பரிந்துரைத்தேன்.

பதிவேட்டில் நான் எழுதியவை: கோப்பின் பாதை, வரி எண், கமிட் அடையாளம், எப்போது நுழைந்தது, எந்த வகை, எதைத் திறக்கும், திறந்தால் என்ன போகும், யார் எப்படி மாற்ற வேண்டும். வரி எண் நாளைக்கே நகர்ந்துவிடும், அதனால் கமிட் அடையாளம் இல்லாத பதிவு பதிவே அல்ல. ரகசியத்தை எங்கேயும் முழுசாக எழுதவில்லை, நீளமான சாவிகளுக்கு முதல் நான்கு எழுத்து போதும். ஹாஷ் போட்டு வைக்கலாம் என்று சிலர் சொல்வார்கள், சின்ன பாஸ்வேர்டுக்கு அதைச் செய்யவே கூடாது, ஊகித்துப் பார்த்தே கண்டுபிடித்துவிடலாம். வகைக்கு சிடபிள்யூஇ (மென்பொருள் பலவீன வகைகளின் பட்டியல்) எண்கள் உதவின: நிரலில் பதித்த அடையாளச் சான்றுகளுக்கு 798, அதன் கீழே பாஸ்வேர்டுக்கு 259, குறியாக்கச் சாவிக்கு 321.

அனுப்பும்போது எல்லோரும் பார்க்கும் பொது இஷ்யூவாகப் (குறைப் பதிவாகப்) போடவில்லை, நிரல் இருக்கும் கிட்ஹப் தளத்தில் தனிப்பட்ட முறையில் குறைபாட்டைத் தெரிவிக்கும் வழியில் அனுப்பினேன். பராமரிப்பாளர் நல்ல மனிதர், சம்பளமில்லாமல் ராத்திரியில் உட்கார்ந்து செய்கிறவர். முதலில் மூன்று வரிகளையும் அழித்து ஒரு கமிட் போட்டு, சரியாகிவிட்டது என்று எழுதினார். அழிப்பது தீர்வு இல்லை என்று விளக்க வேண்டியிருந்தது. வரலாற்றைத் திருப்பி எழுதினாலும் ஃபோர்க்குகளிலும் (மற்றவர்கள் எடுத்து வைத்த நகல்களிலும்) ஏற்கெனவே இறக்கியவர்களிடமும் அது இருக்கும், ஆகவே முதல் வேலை சாவியைச் செல்லாததாக்குவது. மெயில் பாஸ்வேர்டையும் எஸ்எம்எஸ் டோக்கனையும் அன்றைக்கே மாற்றினார். கையெழுத்துச் சாவிக்கு, நிறுவும்போதே ஒவ்வொரு சர்வரும் தனக்கென்று 32 பைட் சாவியை உருவாக்கிக்கொள்ளும்படி மாற்றி, பழைய சாவி கண்ணில் பட்டால் தொடங்காமல் நிற்கும்படி செய்தார். பிறகு சிவிஇ எண்ணையும் கிட்ஹப் வழியாகவே கேட்டு வாங்கினார், கிட்ஹப்புக்கு அந்த எண் வழங்கும் அதிகாரம் உண்டு.

அறிவிப்பு ஆங்கிலத்தில் வந்தது. ஈரோட்டிலும் கரூரிலும் இதை நிறுவிக் கொடுக்கிற பசங்களுக்கும் கம்பெனி ஆபீசில் இருப்பவர்களுக்கும் அது எட்டாது என்பதால் தமிழில் ஒரு பக்கம் எழுதினேன். அதில் முதல் வரியே நேரம் பற்றியது: சாவி மாறியதும் எல்லோரும் லாக் அவுட் ஆவார்கள், கேட்டில் இருக்கும் வருகைப் பதிவு டேப் உட்பட, அதனால் காலையில் ஆள் உள்ளே வரும் நேரத்தில் தொடாதீர்கள், ஷிப்ட் முடிந்து செய்யுங்கள். பாதுகாப்பு நுணுக்கங்களைக் காட்டிலும் இந்த வரிக்குத்தான் அதிகம் நன்றி சொன்னார்கள்.

நான் போய்ப் பார்த்த இடங்களில் ஒரு சிக்கல் மறுபடி முளைத்தது. நிறுவுகிறவர் ஒருவர் புதிய பதிப்பை ஒரு கணினியில் முழுசாகப் போட்டு, அந்த டிஸ்க்கை அப்படியே இமேஜ் எடுத்து மற்ற கம்பெனிகளுக்கும் ஏற்றியிருந்தார். புதிதாக உருவான சாவியும் கூடவே நகலாகிவிட்டது, சர்வர்களின் எஸ்எஸ்எச் ஹோஸ்ட் கீ (தொலைவிலிருந்து இணையும்போது சர்வரை அடையாளம் காட்டும் சாவி) உட்பட. நிரலில் எந்த ரகசியமும் இல்லை, கிட்லீக்ஸ் சுத்தம் என்று சொல்லும், ஆனால் எல்லா இடத்திலும் மறுபடி ஒரே சாவி. அதைத் தனிப் பதிவாகச் சேர்த்து, இமேஜ் எடுக்கும் முன் சாவி இருக்கும் என்விரான்மென்ட் கோப்பையும் ஹோஸ்ட் கீகளையும் அழிக்க வேண்டும், சர்வர் முதல் முறை ஆன் ஆகும்போதுதான் சாவி உருவாக வேண்டும் என்று பராமரிப்பாளருக்கு எழுதியிருக்கிறேன். அந்த மாற்றம் அடுத்த பதிப்பில் வருகிறது. அதுவரை இமேஜ் வைத்து ஏற்றியவர்கள் இந்தச் சாவிகளைக் கையால் மாற்றிக்கொள்ளலாம், படிகள் அந்தத் தமிழ்ப் பக்கத்தின் கடைசியில் இருக்கின்றன.