சேர்வராயன் மலையை எடை போட்ட கதை

சேலம் செவ்வாய்பேட்டையில் எலக்ட்ரானிக் தராசு பழுது பார்ப்பதுதான் என் தொழில். வருபவை பெரும்பாலும் வெள்ளிக் கடைத் தராசும் கொலுசுப் பட்டறைத் தராசும். போன வருடம் ஏற்காட்டில் மிளகு வாங்கி விற்கும் ஒருவர் போன் செய்தார். "அண்ணா, நீங்க செட் பண்ணிக் கொடுத்த தராசுல இருபது கிலோ படிக்கல்ல வச்சா அஞ்சு கிராம் கம்மியா காட்டுதுங்க."

கொண்டு வரச் சொன்னேன். என் மேசையில் 20.000 என்று நின்றது. மேலே கொண்டு போனார், 19.995. மூன்றாவது முறை நானே போய்ப் பார்த்தேன். அவர் சொன்னது சரிதான்.

எலக்ட்ரானிக் தராசுக்குள் இருக்கும் லோடு செல் ஒரு அலுமினியக் கட்டை. அதைப் பொருள் எவ்வளவு அழுத்துகிறது என்பது மட்டுமே அதற்குத் தெரியும். உயரம் போகப் போக பூமியின் இழுப்பு குறையும், அழுத்தமும் குறையும். தட்டுத் தராசில் இந்தப் பிரச்சினை வராது, அங்கே படிக்கல்லுக்கும் பொருளுக்கும் சேர்ந்தே குறைந்துவிடும். அவருக்கு ஏற்காட்டிலேயே வைத்து கேலிப்ரேஷன் செய்து கொடுத்துவிட்டு இறங்கினேன். ஆனால் இருபது கொண்டை ஊசி வளைவும் முடிவதற்குள் மனதில் ஒரு கணக்கு ஓட ஆரம்பித்துவிட்டது.

சேலம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர், ஏற்காடு சுமார் 1,500. வித்தியாசம் 1,220 மீட்டர். பூமியின் ஆரம் 6,371 கிலோமீட்டர். உயரத்தை மட்டும் கணக்கில் எடுத்தால் 500 கிராம் படி மேலே 0.19 கிராம் குறைய வேண்டும். ஆனால் ஏற்காட்டில் நாம் வெறும் காற்றில் தொங்கவில்லை, காலுக்குக் கீழே ஒரு மலை இருக்கிறது. அந்த மலையும் படியைக் கீழே இழுக்கும். அப்படியானால் குறைவு 0.19-ஐ விடக் கொஞ்சம் கம்மியாக இருக்க வேண்டும். அந்தக் கொஞ்சத்தை அளந்துவிட்டால் G கிடைக்கும். இரண்டு பொருள்கள் ஒன்றையொன்று எவ்வளவு இழுக்கும் என்று சொல்லும் நியூட்டனின் மாறிலி அது. 1774-இல் வானியலாளர் மாஸ்கலின் ஸ்காட்லாந்தில் ஷிஹாலியன் மலையின் இரு பக்கமும் தூக்குக்குண்டு தொங்கவிட்டு, மலை அதைத் தன் பக்கம் இழுப்பதை நட்சத்திரங்களை வைத்து அளந்தார். அவருக்கு ஷிஹாலியன், எனக்கு சேர்வராயன்.

உடைந்த நகைத் தராசிலிருந்து ஒரு லோடு செல்லைக் கழற்றினேன். அதோடு லோடு செல்லின் சிக்னலை எண்ணாக்கும் ஒரு எச்எக்ஸ்711 போர்டு, அந்த எண்ணைப் படிக்க ஆர்டுயினோ என்ற குட்டிக் கணினி, பைக் பேட்டரி. கையிலிருந்து போனது எழுநூறு ரூபாய்க்குள்தான். உண்மையான எதிரி வெப்பநிலை. மலையில் குளிர் ஏறினாலே லோடு செல்லின் எண் நகரும், நான் தேடும் வித்தியாசத்தை அதுவே விழுங்கிவிடும். எல்லாவற்றையும் தெர்மாகோல் பெட்டியில் அடைத்து, உள்ளே ஒரு சின்ன பல்பும் தெர்மோஸ்டாட்டும் வைத்து, கீழேயும் மேலேயும் 40 டிகிரியிலேயே நிறுத்தினேன். இதற்கே இரண்டு மாதம் ஆனது. முதலில் பல்பு அணைந்து எரியும்போதெல்லாம் எண் தள்ளாடியது. லோடு செல்லைச் சுற்றி ஒரு தடித்த பித்தளைத் தகடு வளைத்த பிறகுதான் அடங்கியது.

படியைக் கையால் தொடக் கூடாது, விரல் எண்ணெயும் எடைதான். டிஷ்யூ பேப்பரில் பிடித்து வைத்துவிட்டுப் பத்து நிமிடம் காத்திருப்பேன். வைத்தவுடன் வரும் எண்ணை நம்பக் கூடாது. அலுமினியம் மெல்ல மெல்ல வளைந்துதான் ஓரிடத்தில் நிற்கும். அப்போது கடைசி இலக்கம் மட்டும் ஒன்று ஏறி ஒன்று இறங்கும். நூறு அளவு எடுத்து சராசரி பார்ப்பேன்.

ஐந்து ஞாயிற்றுக்கிழமை ஏறி இறங்கினேன். கீழே 500.00. மேலே 499.85. இறங்கி வந்து கடையில் வைத்தால் மறுபடி 500.00. அந்த மூன்றாவது எண் வராமல் போன நாட்களின் அளவுகளைத் தூக்கிப் போட்டுவிட்டேன், அந்த ஐந்தில் அவை சேராது.

குறைந்தது 0.15. மீதி 0.04 கிராம் மலையின் இழுப்பு. இரண்டு நெல்மணியின் எடைதான் இருக்கும், ஆனால் சேர்வராயன் மலை மொத்தமும் அதில் இருக்கிறது. பெட்டிக்கு முன்னால் அதைப் பார்த்து நின்றபோது எனக்குக் கண் கலங்கியது.

அப்புறம் மலையின் அடர்த்தி வேண்டுமே. சேர்வராயன் மலைப் பாறை சார்னோக்கைட். சாலையோரம் கிடந்த ஒரு துண்டை நூலில் கட்டி, காற்றில் ஒரு முறை, தண்ணீரில் முக்கி ஒரு முறை எடை பார்த்தேன். தண்ணீரைப் போல 2.7 மடங்கு. மலையின் வடிவம்தான் சிரமம். ஏற்காடு ஊர் மலையின் தெற்கு விளிம்பில் இருக்கிறது, லேடீஸ் சீட்டில் நின்றால் சேலம் அப்படியே கீழே தெரியும். அதனால் ஒரு பக்கம் பாறையே இல்லை. மகள்தான் மேப்பில் கட்டம் போட்டு, ஒவ்வொரு கட்டத்தின் உயரத்தையும் ஸ்ப்ரெட்ஷீட்டில் ஏற்றினாள். "அப்பா, எல்லாப் பக்கமும் முடிவில்லாம பாறை இருந்தா வர்ற இழுப்புல மூணுல ரெண்டு பங்குதான் வருதுங்கப்பா" என்றாள்.

அதை வைத்துப் போட்டால் G-இன் மதிப்பு 5.7 × 10⁻¹¹. ஏற்றுக்கொள்ளப்பட்ட மதிப்பு 6.674 × 10⁻¹¹. என் தராசில் 0.01 கிராம் மாறினாலே விடை 4.3-இலிருந்து 7.1 வரை போகும், அந்த இடைவெளிக்குள் உண்மையான எண் இருக்கிறது. 1798-இல் ஆங்கிலேய விஞ்ஞானி கேவண்டிஷ் ஈயக் குண்டுகளை வைத்து இதைவிட எவ்வளவோ துல்லியமாக அளந்துவிட்டார் என்பது தெரியும். ஆனாலும் இயற்கையின் மாறிலிகளில் இன்றும் மோசமாகத் தெரிந்த ஒன்று G-தான், பெரிய ஆய்வகங்களின் விடைகளே நான்காவது இலக்கத்தில் ஒன்றோடொன்று ஒத்துப் போவதில்லை. அந்த எண்ணின் முதல் இலக்கத்தை என் ஊர் மலையை வைத்துத் தொட முடிந்திருக்கிறது.

அடுத்தது சேர்வராயன் கோயில் உச்சி. ஊரை விட நூறு மீட்டருக்கு மேல் உயரம், ஆனால் மலையின் நடுப்பக்கம், எல்லாத் திசையிலும் பாறை. உயரத்தால் குறைவதையும் பாறையால் கூடுவதையும் சேர்த்துப் பார்த்தால், ஊரில் வந்த அதே 499.85 அங்கேயும் வர வேண்டும் என்று கணக்கு சொல்கிறது. நோட்டில் அந்த எண்ணை முன்கூட்டியே எழுதி, பக்கத்தில் தேதிக்கு இடம் விட்டு வைத்திருக்கிறேன்.