பாப்பாவும் கார்ட்டூனும்: பாளையங்கோட்டை நாட்குறிப்பு

பிப்ரவரி 1, 2025, சனி

பாப்பாவுக்கு இரண்டரை வயது முடிந்துவிட்டது. டிவி விஷயத்தில் இனி வீட்டில் ஆளுக்கொரு பேச்சு கூடாது என்று நான், மனைவி, என் அம்மா மூன்று பேரும் உட்கார்ந்து முடிவு செய்தோம். இரண்டு முதல் நான்கு வயதுப் பிள்ளைகள் திரை பார்ப்பது ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது, குறைந்தால் இன்னும் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொன்னது. நாங்கள் அதில் பாதியை எடுத்துக்கொண்டோம். சாயங்காலம் அரை மணி நேரம், டிவியில் மட்டும். போன் என்றால் பிள்ளை அதை மடியில் வைத்துக் குனிந்துவிடுகிறது, பக்கத்தில் இருப்பவருக்கு அங்கே வேலையே இல்லை. அடுத்த கதை தானாக ஓடுவதையும் நிறுத்திவிட்டேன். கதை முடிந்ததும் ரிமோட்டில் சிவப்புப் பொத்தானை அமுக்குவது பாப்பாவின் வேலை. அணைப்பது அவள் கையில் இருந்தால் அழுகை பாதிக்கு மேல் குறைகிறது.

சாப்பிடும்போது டிவி கிடையாது என்பதில்தான் அம்மாவுக்குச் சம்மதமில்லை. சொதியும் சோறும் நாலு வாய் கூடுதலாக இறங்குகிறதே என்கிறாள். அவள் கவலை நியாயமானது. ஆனாலும் வாயில் என்ன போகிறது என்றே தெரியாமல் பிள்ளை விழுங்குவதைப் பார்க்க எனக்கு மனம் கேட்கவில்லை.

பிப்ரவரி 4, செவ்வாய்

இன்றும் அதே பஸ் கதை. சின்ன பஸ் ஒன்று பாலத்தைத் தாண்டப் பயந்து நிற்கும், அப்புறம் தாண்டும். வேறு எதைப் போட்டாலும் “இது வேண்டாம், பஸ்” என்கிறாள்.

மனைவிக்கு அலுத்துவிட்டது. எனக்கு அலுக்கவில்லை. முதலில் பாப்பா வாயைத் திறக்காமல் பார்த்தாள். அப்புறம் பஸ்ஸின் நிறத்தைச் சொன்னாள். இன்று பாலம் வரும் முன்னாலேயே எழுந்து போய், “பயப்படாத” என்று பஸ்ஸுக்குச் சொல்லிவிட்டு வந்தாள். அமெரிக்காவில் 1996-இல் தொடங்கிய, பிள்ளைகளிடம் கேள்வி கேட்கும் ‘ப்ளூஸ் க்ளூஸ்’ டிவி தொடரில் ஒரே பகுதியைத் திங்கள் முதல் வெள்ளி வரை தினமும் ஒளிபரப்பினார்கள். யோசித்துச் செய்ததுதான் அது. நாள் ஆக ஆகப் பிள்ளைகளுக்குக் கதை கூடுதலாகப் புரிந்தது, திரையைப் பார்த்துப் பதில் சொல்வதும் கூடியது.

டோராவும் கேள்வி கேட்டுவிட்டுக் காத்திருப்பாள். சுட்டி டிவியில் தமிழில் வந்த காலத்தில் என் சித்தப்பா மகள் தொண்டை கிழியப் பதில் சொல்லுவாள். ஆனால் பிள்ளை சரியாகச் சொன்னாலும் தப்பாகச் சொன்னாலும் வாயே திறக்காவிட்டாலும் டோராவுக்கு ஒன்றுதான். “இல்லையே, இன்னொரு தடவை பாரு” என்று சொல்ல வீட்டில் ஒரு ஆள் வேண்டும்.

பிப்ரவரி 8, சனி

இன்று அம்மாவும் எங்களோடு உட்கார்ந்தாள். நான் பாப்பாவிடம் “எத்தனை வாத்து? என்ன கலர்?” என்று கேட்பேன். அம்மா அப்படிக் கேட்பதில்லை. பக்கத்து வீட்டில் ஏதோ நடந்துவிட்ட மாதிரி விசாரிக்கிறாள்.

“ஏட்டி, அந்தக் குட்டி எதுக்கு அழுதா?”

“விழுந்துட்டா ஆச்சி.”

“அவ அம்மைய எங்கட்டி காணோம்?”

பாப்பா டிவியை விட்டுவிட்டு ஆச்சியின் முகத்தைப் பார்த்தாள். கொஞ்சம் யோசித்து, “வேலைக்குப் போயிட்டா” என்றாள். அப்படி ஒரு வரி அந்தக் கதையில் இல்லை. பாப்பாவின் அம்மாதான் காலையில் வேலைக்குப் போகிறவள்.

எண்ணவும் நிறம் சொல்லவும் கார்ட்டூனே கற்றுத்தரும். இந்தக் கேள்வி ஆச்சியிடம்தான் இருக்கிறது.

பிப்ரவரி 11, செவ்வாய்

தைப்பூசம். கோயிலுக்குப் போய்வந்து சாயங்காலம் டிவி போட்டோம். நீல நிறத்தில் ஒரு யானைக்குட்டி துள்ளி வந்தது.

“காந்திமதி!” என்றாள் பாப்பா. அப்புறம், “செருப்பு எங்க?”

நெல்லையப்பர் கோயில் யானை காந்திமதிக்கு மூட்டுவலி இருந்தது. 2022-இல் பக்தர்கள் தோலில் செருப்பு செய்து கொடுத்தார்கள். நாலு காலிலும் செருப்போடு அவள் நடக்கும் படத்தைப் பாப்பாவுக்குப் பல தடவை காட்டியிருக்கிறோம். போன வருடம் கோயிலில் என் தோளில் இருந்தபடி நேரிலும் பார்த்திருக்கிறாள். அதனால் இவளுக்கு யானை என்றால் செருப்புப் போட்டிருக்க வேண்டும்.

காந்திமதி போன மாதம் 12-ஆம் தேதி இறந்துபோனாள். வயது 56. விழுந்தவளை கிரேன் வைத்துத் தூக்கியும் காலூன்றி நிற்க முடியவில்லை. டவுனே அழுதது. நாங்கள் அதை இன்னும் பாப்பாவிடம் சொல்லாமல் இருந்தோம்.

இன்று அவளாகவே “காந்திமதிட்ட போலாமா?” என்று கேட்டாள். டிவியை நிறுத்தினேன். “காந்திமதிக்கு வயசாயிட்டு. கால் ரொம்ப வலிச்சுது. கீழ விழுந்துட்டா, எந்திரிக்க முடியல. செத்துப்போயிட்டா. இனிமே கோயில்ல இருக்க மாட்டா” என்று சொன்னேன்.

“எந்திரிச்சிருவா” என்றாள் பாப்பா. கார்ட்டூனில் யானை மேலேயிருந்து விழும், தலையைச் சுற்றி நட்சத்திரம் பறக்கும், உடனே எழுந்து ஓடும். அவள் பார்த்த யானைகளில் முக்கால்வாசி அப்படித்தான். “டிவி யானை எந்திரிக்கும். நம்ம காந்திமதி எந்திரிக்க மாட்டா” என்றேன். என் மடியில் வந்து உட்கார்ந்துகொண்டாள். எவ்வளவு புரிந்ததோ. இவ்வளவு சொல்ல வேண்டுமா என்று மனைவி கேட்டாள். வேண்டும் என்றுதான் நினைக்கிறேன். இந்த ஊரில் வளரும் பிள்ளை. அவளும் அந்த யானையைப் பார்த்துக் கையாட்டியவள்.

பிப்ரவரி 13, வியாழன்

சாயங்காலம் கரண்ட் இல்லை. பாப்பா சொப்புச் சாமானை வரிசையாக வைத்து, “பாலம், பயப்படாத” என்று தானே பஸ் கதையை நடத்தினாள். டிவி இருந்தால் இது நடந்திருக்காது.

பிப்ரவரி 16, ஞாயிறு

நாங்குநேரி பக்கம் கூந்தன்குளம் போய்வந்தோம். 1994-இல் சரணாலயமாக அறிவித்த இடம். ஆனால் காட்டுக்குள் போய்ப் பறவை பார்க்க வேண்டியதில்லை. வீடுகளுக்கு நடுவில் நிற்கும் மரங்களிலேயே மஞ்சள்மூக்கு நாரைகள் கூடு கட்டியிருக்கின்றன. பறவைகள் மிரளும் என்று ஊர்க்காரர்கள் தீபாவளிக்கு வெடி போடுவதில்லை. குளத்தில் கூழைக்கடா, தூரத்தில் வரித்தலை வாத்து. ஒரு நாரை சுள்ளியைக் கொண்டுவந்து கூட்டில் செருகியதைப் பாப்பா கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்தாள். எச்சத்தின் வாடை தாங்காமல் மூக்கையும் பொத்திக்கொண்டாள். அந்த எச்சம் கரைந்த தண்ணீர்தான் வயலுக்கு உரம் என்று அங்கே ஒரு பெரியவர் அவளுக்கு அக்கறையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

மூன்று வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகள் ஒரு விஷயத்தை நேரில் ஒருவர் செய்துகாட்டிக் கற்பதைவிடத் திரையில் பார்த்துக் கற்பது குறைவு. இதைப் பல ஆய்வுகள் சொல்லிவிட்டன. அமெரிக்காவில் பட்ரிசியா குல் குழுவினர் 2003-இல் வெளியிட்ட ஆய்வில், ஒன்பது மாதக் குழந்தைகளோடு ஒருவர் நேரில் விளையாடி, சீன மொழியில் பேசினார். அந்தக் குழந்தைகளுக்கு அம்மொழியின் ஒலிகளைப் பிரித்தறிய வந்தது. அதே பேச்சை டிவியில் பார்த்த குழந்தைகளுக்கு வரவில்லை.

இரவு வந்து கார்ட்டூன் போட்டோம். ஒரு கொக்கு பறந்ததும் பாப்பா சட்டென்று மூக்கைப் பொத்தினாள்! எனக்கு அவ்வளவு சந்தோஷம். திரையில் இல்லாத வாடையை அவளே கொண்டுவந்து சேர்த்துவிட்டாள்.

பிப்ரவரி 19, புதன்

புதுக் கதைகள் தேடினேன். ‘கல்வி’ என்று பெயர் போட்டு வருவதில் பலதும் எனக்குப் பிடிக்கவில்லை. ‘அ’ வந்து சுழன்று வெடிக்கிறது, அம்மா படம் வருவதற்குள் ‘ஆ’ வந்துவிடுகிறது. பிள்ளை கண்ணிமைக்காமல் பார்ப்பதால் கற்கிறது என்று ஆகாது. வர்ஜீனியா பல்கலைக்கழகத்தின் 2011 ஆய்வில், வேகமான கார்ட்டூனை ஒன்பது நிமிடம் பார்த்த நாலு வயதுப் பிள்ளைகள், அதற்குப் பிறகு கொடுத்த வேலைகளில் யோசிக்கவும் பொறுத்திருக்கவும் மற்றப் பிள்ளைகளைவிடத் திணறினார்கள்.

எனக்கு வேண்டியது மெதுவான கதை. ஒரு சின்னச் சிக்கல் வர வேண்டும், யாராவது கூடி அதைத் தீர்க்க வேண்டும், வீட்டில் பேசுகிற மாதிரி தமிழ் பேச வேண்டும். நடுவில் ஒரு பனைமரமும் வாய்க்காலும் தெரிந்தால் ரொம்ப நல்லது. தேடித் தேடி இரண்டு கிடைத்தன, சேமித்து வைத்திருக்கிறேன்.

பிப்ரவரி 23, ஞாயிறு

அம்மா நாளைக்கு அம்பாசமுத்திரத்தில் அத்தை வீட்டுக்குப் போகிறாள், ஒரு வாரம் இருப்பாள். எனக்கும் இந்த வாரம் வேலை இழுக்கும். மனைவி வீடு வரவே ஏழு ஆகிவிடும். பாப்பாவைப் பார்த்துக்கொள்ள வரும் அக்காவுக்கு அடுப்படி வேலையும் இருக்கிறது, டிவி முன்னால் உட்காரச் சொல்ல முடியாது. பேசி முடிவு செய்துவிட்டோம்: எங்களில் ஒருவர் பக்கத்தில் உட்கார முடியாத நாளில் கார்ட்டூன் இல்லை. அழுதால் சொப்புச் சாமான், மாடி, எதிர்வீட்டு ஆட்டுக்குட்டி. ஆச்சி திரும்பி வந்ததும் பஸ் கதையைப் போடலாம் என்று பாப்பாவிடம் சொல்லியிருக்கிறேன்.