சீரியல் நம்பர் சொல்வது நெக்கைப் பற்றி மட்டும்

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், எங்கள் கொழிஞ்சாம்பாறை பக்கம், பழைய எலக்ட்ரிக் கிட்டார் விலைக்கு வருவதே அபூர்வம். வந்தாலும் கல்யாணக் கச்சேரிகளில் அடிபட்டதாகத்தான் இருக்கும். அதனால் பக்கத்துச் சித்தூரில் ஒருவர் ஃபெண்டர் கம்பெனியின் ஸ்ட்ராட்டோகாஸ்டர் (சுருக்கமாக ஸ்ட்ராட்) கிட்டாரை நாற்பத்தைந்தாயிரத்துக்குத் தருகிறார் என்று கேள்விப்பட்டதும், டேப்பும், தடிமனை அளக்கும் வெர்னியர் காலிப்பரும், ஸ்க்ரூ டிரைவரும் எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

நெக், அதாவது கிட்டாரின் கழுத்து. அதன் நுனியில் கம்பிகளை முறுக்கும் தலைப்பகுதியான ஹெட்ஸ்டாக்கில் எம்இசட்5 என்று தொடங்கும் சீரியல் நம்பர் இருந்தது. எம் என்றால் மெக்சிகோ, இசட் 2000களைக் குறிக்கும், 5 ஆண்டு. அதாவது 2005 அல்லது அதை ஒட்டி, என்செனாடா தொழிற்சாலையில் செய்தது. நெக்கின் குறுக்கே பதித்த உலோகக் கட்டைகளான ஃப்ரெட் 21. கம்பிகள் தாங்கும் இரு முனைகளான, நெக்கின் மேல்முனை நட்டிலிருந்து பாடியில் உள்ள பிரிட்ஜ் வரை சுமார் 648 மில்லிமீட்டர், அதுவும் சரி. "ஒரிஜினல்தாங்க தம்பி, இன்னும் என்ன பாக்கறீங்க?" என்றார் விற்பவர்.

இங்கேதான் பலரும் பணத்தை எடுத்து நீட்டிவிடுகிறார்கள். ஸ்ட்ராட்டில் நெக்கும் பாடியும் தனித்தனி, நான்கு ஸ்க்ரூவில் நிற்கின்றன. எண் இருப்பது நெக்கில். அந்த நெக்கை எந்தப் பாடியில் மாட்டினாலும் எண் அதேதான்.

எனக்கு உறுத்தியது பாடியின் தடிமன். பாடியின் ஓரத்தில் காலிப்பரை வைத்தால் 40 மில்லிமீட்டர். வழக்கமான ஸ்ட்ராட் பாடி 44, 45 வரும். 40 என்றால் பெரும்பாலும் ஸ்க்வையர் அஃபினிட்டிதான். ஸ்க்வையரும் ஃபெண்டர் கம்பெனியின் பிராண்டுதான், ஆனால் விலை குறைந்த வகை.

"அண்ணா, நெக்கைக் கழற்றிப் பார்க்கலாமா?" என்று கேட்டேன். முகம் மாறியது. உடைந்தால் நானே வாங்கிக்கொள்கிறேன் என்ற பிறகுதான் சம்மதித்தார். முதலில் கம்பிகளை நன்றாகத் தளர்த்திவிட வேண்டும், இழுவிசை இருக்கும்போது ஸ்க்ரூவில் கை வைக்கக் கூடாது. நெக்கின் அடியில் 2005ஆம் ஆண்டுத் தேதி முத்திரை, எண்ணோடு பொருந்தியது. பக்கத்திலேயே பழைய துளைகளை மரக்குச்சி வைத்து அடைத்துவிட்டுப் புதிதாகத் துளை போட்டிருந்தார்கள். நெக் அசல், ஆனால் வேறு கிட்டாரிலிருந்து வந்தது.

அவர் ஏமாற்றினார் என்று நான் நினைக்கவில்லை. வளைகுடாவிலிருந்து வந்த மச்சான் கொடுத்ததாம், பிரித்துப் பார்த்ததே இல்லையாம். துளையைக் காட்டியதும் அவருக்கே அதிர்ச்சி. எனக்கும் நெக் பிடித்திருந்தது, கைக்கு நன்றாக வந்தது. கம்பியின் அதிர்வைப் பிடிக்கும் பிக்கப், வயரிங் எல்லாம் வேலை செய்தன. பேசிப் பேசி இருபதாயிரத்தில் முடிந்தது.

ரசீதை மலையாளத்தில்தான் எழுதினார். நெக் மெக்சிகோ, பாடி வேறு என்று தனித்தனியாகப் போடச் சொன்னேன். நாளைக்கு நான் விற்கும்போது காலிப்பரோடு ஒருத்தர் வருவாரே.