பிள்ளை நல்லா தூங்கினானா அக்கா?

பினாங்கு பாயான் லெப்பாஸ் பக்கம் ஒரு தாஸ்காவில், அதாவது குழந்தைகள் காப்பகத்தில், 11 வருடமாகக் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிறேன். மாலையில் ஃபேக்டரி விட்டு ஓடிவரும் அம்மாக்கள் பையைக்கூட இறக்காமல் கேட்பது இதைத்தான்: "பிள்ளை நல்லா தூங்கினானா அக்கா?" முன்பெல்லாம் "அடிச்சுப்போட்ட மாதிரி தூங்கினான்" என்று பெருமையாகச் சொல்வேன். இப்போது வாய் வருவதில்லை.

காரணம், டாக்டர்கள் சிட்ஸ் என்கிற திடீர் சிசு மரணம். நன்றாக இருந்த பிள்ளை, ஒரு வயதுக்குள், தூக்கத்திலேயே போய்விடும். பிரேதப் பரிசோதனை, படுத்திருந்த இடம், நோய் விவரம் எல்லாம் பார்த்தும் காரணம் பிடிபடாவிட்டால்தான் அந்தப் பெயர். "அம்மா என்ன செஞ்சாளோ" என்று பேசுகிறவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல் வரும். அதிகம் நடப்பது 2 முதல் 4 மாதத்தில். இங்கே தனியார் வேலையில் பேறுகால விடுமுறை முன்பு 60 நாள், 2023 முதல் 98 நாள். எப்படிக் கணக்குப் போட்டாலும் பிள்ளை எங்கள் கைக்கு வருவது சரியாக அந்த மாதங்களில்தான்.

ஒரு பாட்டி கடுகுத் தலையணையோடு வந்தார். "குப்புறப் போடும்மா, அசையாம தூங்குவான்." அவர் சொன்னது பொய்யில்லை, அதுதான் சிக்கலே. குப்புறக் கிடக்கிற பிள்ளை சட்டென்று விழிக்காது. தான் விட்ட மூச்சையே திரும்ப இழுத்து மூச்சுத் திணறும்போதும், சிணுங்கித் தலையைத் திருப்பாமல் அப்படியே கிடந்துவிடலாம். வீட்டில் மல்லாந்தே பழகியதை இங்கே முதல்முறை குப்புறப் போட்டால் ஆபத்து இன்னும் கூடுதல். பிரிட்டனில் 1991லும் அமெரிக்காவில் 1994லும் மல்லாக்கப் படுக்க வைக்கச் சொல்லிப் பிரச்சாரம் செய்த பிறகு இந்த இறப்புகள் பாதியளவு குறைந்தன.

"பால் கக்கினா புரையேறாதா?" பாட்டி விடவில்லை. மல்லாந்து படுத்தால் மூச்சுக்குழாய் மேலே, உணவுக்குழாய் கீழே, கக்கிய பால் மேலேறிப் போவதுதான் கஷ்டம் என்று கையை வைத்துக் காட்டினேன். பாதி நம்பினார். தலையணை அவரோடு திரும்பிப் போனது.

சாரோங் தொட்டில் விஷயத்தில் எனக்கே மனசு இரண்டு. மூன்று பிள்ளைகள் சேர்ந்து அழுதால் அதைப்போல உதவி வேறில்லை, ஆனால் துணி வளைந்து முகவாய் நெஞ்சில் ஒட்டினால் மூச்சு அடைபடும். அதனால் கண் அயர்ந்ததும் தூக்கிக் கட்டியான மெத்தையில் போட்டுவிடுவேன். உடனே பாதிப் பேர் விழித்துக்கொள்வார்கள், அது வேறு கதை.

நேற்று ஓர் அம்மாவிடம் "நாலு தடவை எழுந்தான்மா, நல்லதுதான்" என்றேன். "ராத்திரியும் அப்படித்தான் அக்கா, எனக்குத்தான் தூக்கமே இல்ல" என்றாள். உட்காரவைத்து ஒரு மைலோ கலக்கிக் கொடுத்தேன்.