டிரெயினில் 20 மில்லி

பெரியவர்களின் இதய அறுவை ஐசியூவில் ஆறு ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டுக் குழந்தைகள் பிரிவுக்கு மாற்றலாகி வந்தபோது, அதுவரை பழகியிருந்த அளவுகளையெல்லாம் நான் மறக்க வேண்டியிருந்தது. பெரியவர் ஒருவருக்கு மார்பு டிரெயினில், அதாவது அறுவைக்குப் பின் மார்புக்குள் கசியும் ரத்தத்தை வெளியேற்றும் குழாயில், ஒரு மணி நேரத்தில் 20 மில்லி ரத்தம் வந்தால், சார்ட்டில் குறித்துவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்போம். 5 கிலோ குழந்தையின் உடலிலோ, கிலோவுக்கு 80 மில்லி வீதம் மொத்தமே ஏறத்தாழ 400 மில்லி ரத்தம்தான் இருக்கிறது. அதில் 20 மில்லி போவது பெரியவருக்குக் கால் லிட்டர் போவதற்குச் சமம். சீனியர் சிஸ்டர் ஒருவர் இந்தக் கணக்கை முதல் நாளே என் கையுறையின் மேல் பேனாவால் எழுதிக் காட்டினார்.

அறுவையின்போது இதயம், நுரையீரல் இரண்டின் வேலையையும் செய்யும் இதய-நுரையீரல் இயந்திரத்தின் குழாய்களை நிரப்பும் திரவம் இவ்வளவு சிறிய உடலின் ரத்தத்தோடு கலக்கும்போது, தட்டணுக்களும் உறைவுக் காரணிகளும் நீர்த்துப்போகின்றன. பிறவியிலேயே நீலம் பாரித்த குழந்தைகளுக்கு ரத்தம் உறைவதில் முன்பே குறை இருப்பதால், அவர்களுக்குக் கசிவும் கூடுதல். இயந்திரத்துக்குள் ரத்தம் உறையாமலிருக்கக் கொடுத்த ஹெபாரினைப் புரோட்டமின் என்ற மருந்தால் முறிப்பதும், உறைந்த ரத்தம் கரையாமலிருக்க டிரானெக்சாமிக் அமிலம் கொடுப்பதும் தியேட்டரிலேயே நடந்துவிடும். (பிரசவத்துக்குப் பிந்தைய ரத்தப்போக்கால் தாய்மார்கள் இறப்பதைத் தடுக்க வழி தேடிய ஜப்பானிய மருத்துவர் உடாகோ ஒகமோட்டோவும் அவருடைய கணவரும் கண்டறிந்த மருந்து இது என்று பின்னர் அறிந்தபோது, ஏனோ மனம் நிறைந்தது.)

எங்கள் கையில் இருப்பவை சின்ன வேலைகள். உடல் குளிர்ந்தால் ரத்தம் சரியாக உறையாது என்பதால் குழந்தையைக் கதகதப்பாக வைக்கிறோம். கால்சியம் குறையாமல் பார்த்துக்கொள்கிறோம். ஆனால் என்னை உறுத்தியது நாங்களே எடுக்கும் ரத்தம். முன்பெல்லாம் தமனி லைனிலிருந்து (தமனிக்குள் வைத்திருக்கும் மெல்லிய குழாயிலிருந்து) பரிசோதனைக்கு எடுக்கும் ஒவ்வொரு முறையும், குழாயிலுள்ள திரவம் கலந்து முதலில் வரும் 2 மில்லியைக் கொட்டிவிட்டு, அதன் பிறகு 1 மில்லி எடுப்போம். எட்டு முறை எடுத்தால் 24 மில்லி. டிரெயினில் அவ்வளவு வந்திருந்தால் டாக்டரை எழுப்பியிருப்போம். இப்போது அந்த முதல் 2 மில்லியைச் சுத்தமாகக் காத்து, குழந்தைக்கே திருப்பிச் செலுத்துகிறோம்.

மறக்க முடியாத இரவு ஒன்று உண்டு. ஃபாலோ நான்மைக் குறைபாட்டுக்கு (நான்கு கோளாறுகள் சேர்ந்த பிறவி இதயக் குறைபாடு) அறுவை முடிந்து வந்த 7 கிலோ குழந்தைக்கு டிரெயினில் மணிக்குப் 15, 18, 16 மில்லி என்று வந்துகொண்டிருந்தது, நான்காவது மணியில் ஒரு சொட்டும் வரவில்லை. நான் பூஜ்யம் என்று எழுதிவிட்டு, வெளியே விழித்திருந்த தாயிடம், "கசிவு நின்னுடுச்சும்மா, கொஞ்சம் படுங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன். சீனியர் சிஸ்டர் சார்ட்டைப் பார்க்கவில்லை, மானிட்டரைத்தான் பார்த்தார். நாடித்துடிப்பு 140-இலிருந்து 170-க்கு ஏறியிருந்தது, இதயத்துக்குத் திரும்பும் பெரிய சிரையில் அளக்கும் மத்திய சிரை அழுத்தம் 8-இலிருந்து 15 ஆகியிருந்தது, சிறுநீரும் குறைந்திருந்தது. டிரெயின் டியூபை விரல்களால் அழுத்தி நீவிவிட்டும் பயனில்லை; உள்ளே கட்டியாக உறைந்த ரத்தம் வழியை அடைத்துக்கொண்டு, இதயத்தைச் சுற்றித் தேங்கி நெருக்கிக்கொண்டிருந்தது. சர்ஜன் படுக்கையிலேயே மார்பைத் திறந்து கட்டியை எடுத்ததும் ரத்த அழுத்தம் நிமிடங்களில் மேலேறியது. குழந்தை பிழைத்தது. அந்தத் தாயிடம் மறுபடியும் போய், சற்றுமுன் சொன்னது தவறு என்று சொல்வதற்குள் எனக்கு நாக்கு உலர்ந்துவிட்டது.

இப்போது ஜூனியர் யாராவது, "அக்கா, டிரெயின் நின்னுடுச்சு" என்று மகிழ்ச்சியோடு வந்தால், எழுந்து நடந்துகொண்டே, "எத்தனை மணியிலிருந்து?" என்று கேட்கிறேன்.