எதைத் திருப்பி அனுப்பினார்கள்?

கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியாரின் பெயரை அன்று பேச்சில் இழுத்தது நான்தான். தம் தகப்பனாரின் சேகரிப்பை எங்கள் நூலகத்துக்குக் கொடுக்க வந்திருந்த பெரியவர், நாங்கள் ஒதுக்கி வைத்திருந்த கட்டுகளைப் பார்த்துவிட்டு, “அப்பாவுக்குக் கிறுக்கு என்று ஊரே சொன்னது. நீங்களும் பதவிசாக அதைத்தான் சொல்கிறீர்கள் போலிருக்கிறது” என்றார். அவரைச் சமாதானப்படுத்தவே முத்தையாவின் கதையைச் சொன்னேன். முழுவதையும் பொறுமையாகக் கேட்டவர், “அவர் சேர்த்ததில் எதை வேண்டாமென்று திருப்பி அனுப்பினார்கள், சார்?” என்று கேட்டார். “அது வேறு விஷயம், ஐயா” என்றேன். எப்படி வேறு என்பதை இன்றுவரை எனக்கு நானே விளக்கிக்கொண்டிருக்கிறேன்.

நான் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. முத்தையா சென்னையில் விளம்பரப் பலகை எழுதும் ஓவியராகத் தொழில் செய்தவர். கடையின் பெயரிலிருந்த ரோஜா அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது. மூர் மார்க்கெட்டின் பழைய புத்தகக் கடைகளில் பிடித்த பழக்கம், கோட்டையூருக்குத் திரும்பிய பின்னும் அவரை விடவில்லை. நூல்கள், இதழ்கள் போக, நாடக நோட்டீஸ், சினிமாப் பாட்டுப் புத்தகம், கல்யாணப் பத்திரிகை, செய்தித்தாள் நறுக்கு என்று பிறர் குப்பையில் போடுவதையெல்லாம் வீட்டில் சேர்த்தார். 1992இல் அவர் காலமானபோது ஏறத்தாழ ஒரு லட்சம் உருப்படிகள் இருந்தன. சிகாகோ பல்கலைக்கழகம் அவற்றைக் குடும்பத்தாரிடமிருந்து விலைக்கு வாங்கியது. வாங்கியதைக் கப்பலேற்றிக் கொண்டுபோகாமல், மூலங்களைச் சென்னைக்குக் கொண்டுவந்து வைத்து, மைக்ரோஃபிலிம் என்னும் சிறு படச்சுருளில் நகலெடுக்க ஏற்பாடு செய்தது. 1994இல் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் பிறந்தது அப்படித்தான்.

வேறுபாடு இதிலேயே இருக்கிறது என்று முதலில் தோன்றும். அவர்களிடம் பணம் இருந்தது, திட்டம் இருந்தது, பல ஆண்டுகள் அதற்கென்றே உழைக்க ஆட்கள் இருந்தார்கள். எங்களிடம் இருந்தவை சில இரும்பு அலமாரிகளும், மழைக்காலத்தில் ஈரம் கோத்த ஓர் அறையும்தான். பெரியவர் கொண்டுவந்ததில் பாட்டுப் புத்தகங்களையும் நோட்டீஸ்களையும் எடுத்துக்கொண்டோம். பஸ் டிக்கெட்டுக் கட்டுகளையும் சோப்பு உறைகளையும் திருப்பிக் கொடுத்தோம். ஓர் உருப்படியை ஏற்பதென்றால் அதற்குப் பதிவெண், பூச்சி மருந்து, உறை, இடம் எல்லாம் வேண்டும். ஏற்றுக்கொண்டு செல்லரிக்க விடுவதைவிட வீட்டுக்கே அனுப்பிவிடுவது நேர்மையானது என்று அன்றும் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன்.

ஆனால் அந்தப் பாட்டுப் புத்தகங்களை எடுத்துக்கொள்ளும் துணிச்சல் எங்களுக்கு எங்கிருந்து வந்தது? முதல் தமிழ்ப் பேசும் படமான 1931ஆம் ஆண்டின் ‘காளிதாஸ்’ உட்பட எத்தனையோ படங்களின் பிரதி இன்று இல்லை. கதைச் சுருக்கத்தையும் நடிகர் பெயர்களையும் அறியப் பாட்டுப் புத்தகங்களே பல படங்களுக்குக் கதி என்று ஆனபின், அவற்றின் மதிப்பை எங்களைப் போன்றவர்கள் உணர்ந்தோம். கல்யாணப் பத்திரிகையும் அப்படியே. பழைய நகரத்தார் பத்திரிகை ஒன்றைக் கையில் எடுத்தால், குடும்ப விலாசத்தின் முதலெழுத்துகள், பர்மாவிலோ மலேயாவிலோ இருந்த கடையின் முகவரி, அடியில் பொடி எழுத்தில் அச்சகத்தின் பெயர் என்று ஒரு குடும்பத்தின் வரவு செலவே ஏறக்குறைய விரிந்து கிடக்கும். சாப்பாடு முடிந்ததும் பந்தலிலேயே விட்டுவிட்டு வரும் காகிதம் அது. அதை ஒருவர் வீட்டுக்கு எடுத்துவந்தபோது அருகில் நான் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்பது எனக்குத் தெரியும்.

முத்தையா கண்டதையெல்லாம் அள்ளியவர் அல்லர், பலகை எழுதியவரின் கண் எழுத்து வடிவங்களைத் தேடிப் போயிருக்கும் என்று ஒரு சமாதானம் வைத்திருக்கிறேன். இது என் ஊகம்தான்; அதோடு, எனக்கு மிகவும் வசதியான ஊகமும்கூட. பெரியவரின் தகப்பனாரும் கண்டபடி சேர்த்தவர் அல்லர். டிக்கெட்டுகள் ஆண்டுவாரியாக வெள்ளை நூலால் கட்டப்பட்டிருந்தன. மேல் கட்டைப் பிரித்துப் பார்த்தேன்: கண்டக்டர் பஞ்ச் செய்த மெல்லிய பச்சை, ரோஸ் காகிதங்கள், துருப்பிடித்த குண்டூசி பட்ட இடத்தில் பழுப்பு வளையம், ஒன்றிரண்டின் பின்பக்கம் பென்சிலில் ஊர்ப் பெயரும் ஓர் ஆளின் பெயரும். எங்கே போனார், யாரைப் பார்த்தார் என்ற குறிப்பாக இருக்கலாம். மற்றக் கட்டுகளைப் பிரிக்கவில்லை. எல்லாவற்றையும் பிரித்துப் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டுமென்றால் எந்த நூலகத்திலும் வேலை நடக்காது என்பது நியாயமான பதில்தான். பென்சில் எழுத்தைப் பார்த்த பிறகும் அதே பதிலைச் சொல்லலாமா என்பதுதான் என்னை உறுத்துகிறது.

முழுமையாக வாங்கப்பட்ட சேகரிப்புகூட நூலகத்துக்குள் வந்ததும் பிரியத்தான் செய்கிறது. நூல் ஒரு வரிசைக்கும் இதழ் வேறொரு வரிசைக்கும் போகும். வருகிற ஆய்வாளர் தமக்கு வேண்டிய நாடக நோட்டீஸைத்தான் கேட்பார், முத்தையா அதை எதன் பக்கத்தில் வைத்திருந்தார் என்று கேட்பவர் அரிது. அந்த வகையில் நாங்கள் செய்தது எல்லோரும் செய்வதுதான், கொஞ்சம் முன்கூட்டியே செய்தோம் என்றுகூட வாதிடலாம். ஆனால் பிரிந்து கிடப்பதை ஒரு பட்டியலைக் கொண்டு என்றாவது சேர்த்துவிட முடியும். திரும்பிப் போன மூட்டைக்கு எங்களிடம் ஒரு வரிகூட இல்லை.

அதன்பின் நன்கொடைப் பதிவேட்டில், ஏற்காதவற்றுக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி, என்ன, எவ்வளவு, ஏன் மறுத்தோம் என்று எழுதிவருகிறேன். விதியில் இல்லாத வேலை என்று மேலதிகாரி ஒரு தடவை கேட்டார். விளக்கினேன், அவர் சம்மதமும் சொல்லவில்லை, தடுக்கவும் இல்லை. நாளைக்கே இன்னொருவர் பஸ் டிக்கெட்டுக் கட்டோடு வந்தால், அநேகமாக அந்தப் பக்கத்தில்தான் அதை எழுதுவேன்.