திரையில் டாக்டர், வயிற்றில் என் கை

"டெலிமெடிசினுக்கு நீங்கள் தயாரா?" அதாவது, தூரத்தில் இருக்கும் டாக்டரை வீடியோவிலோ போனிலோ பிடித்து நோயாளியைக் காட்டும் தொலைமருத்துவத்துக்கு. வளரும் நாடுகளில் சுகாதாரப் பணியாளர்களிடம் இதைக் கேட்டு எடுக்கும் ஆய்வுகள் ஏராளம். நானும் இரண்டு முறை அப்படிப் படிவம் நிரப்பியிருக்கிறேன். கம்ப்யூட்டர் தெரியுமா, இது பயன்படும் என்று நினைக்கிறீர்களா, கற்றுக்கொள்ள எளிதாக இருக்குமா, ஒன்று முதல் ஐந்து வரை மார்க் போடுங்கள். அப்புறம் தேடிப் பார்த்தபோதுதான் தெரிந்தது, இந்த வகைக் கேள்விகள் பலவற்றுக்கும் வேர் 1989-இல் ஃபிரெட் டேவிஸ் என்ற ஆய்வாளர் வெளியிட்ட ஒரு கோட்பாடு, அலுவலக ஊழியர்கள் மின்னஞ்சல் போன்ற மென்பொருளை ஏற்றுக்கொள்வார்களா என்று பார்ப்பதற்காக அவர் அதை உருவாக்கினார் என்பது. தனக்கென ஒரு மேசையும் கம்ப்யூட்டரும் இருக்கிறவரை மனதில் வைத்துக் கேட்ட கேள்விகள் அவை.

என் வேலை அப்படி இல்லை. டாக்டர் இல்லாத ஒரு சிறிய சுகாதார நிலையத்தில் நர்சாக இருந்தேன். ஒரு நாள் வயிற்று வலியோடு பதினான்கு வயதுப் பெண் ஒருத்தி வந்தாள். வீடியோவில் டாக்டரைப் பிடித்தேன். "வலது அடிவயிற்றில் மெதுவாக அழுத்துங்கம்மா. இப்போ சட்டுன்னு கையை எடுங்க. அழுத்தும்போது வலி அதிகமா, எடுக்கும்போதா?" எடுத்தபோதுதான் அவள் துடித்தாள். அதே நொடியில் திரையில் படம் அப்படியே நின்றுவிட்டது, குரல் மட்டும் விட்டு விட்டுக் கேட்டது. நான் வாயால் சொன்னதை வைத்து, குடல்வால் அழற்சியாக (அப்பெண்டிசைடிஸ்) இருக்கலாம், அறுவை சிகிச்சை வசதி இருக்கும் இடத்துக்கு உடனே அனுப்புங்கள் என்றார். வண்டி கிளம்பிய பிறகுதான் எனக்குக் கை நடுங்க ஆரம்பித்தது. அவர் எதையும் பார்க்கவில்லை. என் விரல் சொன்னது தப்பாக இருந்தால் யார் பதில் சொல்வது?

இந்தப் பயத்துக்குப் படிவத்தில் இடமில்லை. குறைந்த மார்க் போட்டால் தொழில்நுட்பத்துக்குத் தயங்குகிறார், பயிற்சி கொடுங்கள் என்று முடிவு எழுதிவிடுகிறார்கள், அதுதான் எனக்குத் தாங்கவில்லை. விதி தெளிவாக இருந்தால் பயம் பாதி குறையும். இந்தியா 2020 மார்ச் 25-இல் வெளியிட்ட தொலைமருத்துவ வழிகாட்டு நெறிமுறைகளில், சுகாதாரப் பணியாளர் நோயாளியின் பக்கத்தில் இருந்துகொண்டு டாக்டரோடு பேசும் முறை தனியாகவே சொல்லப்பட்டிருக்கிறது. முதல் ஆலோசனையில் எந்த மருந்தை எழுதலாம், எதை வீடியோவில் பார்த்த பிறகுதான் எழுதலாம், எதை எழுதவே கூடாது என்ற பட்டியலும் உண்டு. அதை அச்சடித்துச் சுவரில் ஒட்டினாலே போதும், வீடியோவுக்கான டேப்லெட் கம்ப்யூட்டரைத் தொடும் கைக்கு ஒரு தைரியம் வரும்.

அப்புறம் இரட்டை வேலை. ரெஜிஸ்டரில் ஒரு முறை எழுதி, அதையே டேப்லெட்டில் இன்னொரு முறை ஏற்றி, டாக்டர் லைனில் வரும்வரை காத்திருந்து, அதற்குள் தடுப்பூசி போட வந்த தாய்மார்கள் குழந்தைகளோடு வெளியே நின்று, எல்லாம் ஒரே ஆளுக்கு. கரண்டைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை: மின்சாரமே இல்லாத அல்லது அடிக்கடி போய்விடும் சுகாதார நிலையங்களை நம்பி உலகில் ஏறக்குறைய 100 கோடிப் பேர் இருக்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனமும் உலக வங்கியும் சேர்ந்து 2023-இல் கொண்டுவந்த அறிக்கை சொல்கிறது. அங்கே இருக்கும் நர்சிடம் போய் நீ தயாரா என்று கேட்பது நியாயமா?

சரி, நான் எப்போது தயாரானேன் என்று கேட்டால், பயிற்சி வகுப்பில் இல்லை. அந்தப் பெண்ணை அனுப்பிய மறுநாள் காலை டாக்டரே கூப்பிட்டார். குடல்வால்தான், ஆபரேஷன் முடிந்தது, நன்றாக இருக்கிறாள் என்று சொல்லிவிட்டு, "நீங்க சொன்னது சரியா இருந்ததும்மா, அதை வெச்சுத்தான் முடிவெடுத்தேன்" என்றார். இரண்டு நிமிடம்கூடப் பேசவில்லை. அதுவரை அனுப்பிய நோயாளிகள் யாருக்கும் என்ன ஆயிற்று என்று எனக்கு ஒரு வார்த்தை வந்ததில்லை. அந்த வாரமே, யாரும் சொல்லாமல், ஆறாத கால் புண்ணோடு வந்த ஒரு பெரியவருக்காக நானாகவே டேப்லெட்டை எடுத்து அந்த டாக்டரைக் கூப்பிட்டேன்.